ஈரப்புடவைக்கு ஒரு வாக்கியம்

இங்கிலீஷில் ‘புட் அப் வித்’ என்று ஒரு பிரயோகம் உண்டு. மூன்றும் சின்னஞ்சிறு வார்த்தைகள். தனித்தனியாக எடுத்தால் வைப்பது, மேலே, உடன் என்று ஒன்றையொன்று தெரியாதவர்கள் மாதிரி நிற்கும். சேர்த்துச் சொன்னால் பொறுத்துக்கொள்வது, சகித்துக்கொண்டு காலம் தள்ளுவது என்று அர்த்தம் வந்துவிடும். இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு நான் ஒரு குடும்பத்தையே கரையேற்றியிருக்கிறேன். எனக்கு அப்போது வயது ஒன்பதோ பத்தோ. இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

திருவனந்தபுரத்தில் வலியசாலையில் எங்கள் வீடு. தெருவுக்கு மின்சார விளக்கு வந்து, எங்கள் வீட்டுக்கு வராமலிருந்த காலம். அப்பா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. அவருக்குப் பிறந்தது இரண்டும் பெண். பெரியவளுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். பிள்ளை இல்லையே என்று தெருவில் எல்லோரும் அப்பாவுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அப்பா அந்தப் பரிதாபத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த இங்கிலீஷை எங்கள் இரண்டு பேர் தலையிலும் கட்டினார். அவரிடம் இருந்த ஆஸ்தி அது ஒன்றுதான்.

சாயங்காலம் விளக்கேற்றியதும் கூடத்தில் பாடம் ஆரம்பமாகும். தினம் ஒரு பிரயோகம். அர்த்தத்தை அப்பா சொல்வார். அதன்பிறகு அதை வைத்து நாங்கள் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. புத்தகத்தில் வருகிற ராஜா, நரி, கப்பல் எதுவும் வாக்கியத்தில் வரக்கூடாது. கண்ணால் பார்த்தது, நமக்கு நடந்தது, அதுதான் வரவேண்டும். இல்லாவிட்டால் செல்லாது. இதனால் எங்கள் வீட்டில் நடந்த அத்தனை அற்ப விஷயங்களும் இங்கிலீஷில் ஏறிவிட்டன. பால்காரன் தண்ணீர் கலந்தது, பூனை தயிரைக் கவிழ்த்தது, அப்பாவின் செருப்பு கோயில் வாசலில் காணாமல் போனது, எல்லாம்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் என்றால் இளக்காரம். சமையலறையிலிருந்தபடியே, ‘அந்தப் பாஷையிலே ஒரு ரசம் வைக்க முடியுமாடி?’ என்று கேட்பாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பாட நேரத்தில் அம்மிச் சத்தமோ பாத்திரச் சத்தமோ கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. இது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அக்காவைக் கரமனையில் கொடுத்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம், ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு நினைத்தபோதெல்லாம் நடந்து போய்விட முடியாது. அக்காவின் மாமனாரை நான் சம்பந்தி மாமா என்பேன். பள்ளிக்கூடங்களைச் சோதனை பண்ணும் இன்ஸ்பெக்டராக இருந்து பென்ஷன் வாங்கியவர். பென்ஷன் வந்ததே தவிர, சோதனை பண்ணும் புத்தி போகவில்லை. கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும், கையில் அகப்பட்ட குழந்தையை நிறுத்தி ஓர் இங்கிலீஷ் வாக்கியம் கேட்காமல் விடமாட்டார். அவர் தலை தெரிந்தால் தெருக் குழந்தைகள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தபோதே அப்படித்தான். வழக்கமாகப் பாடச் சொல்வார்கள். அக்காவும் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். மாமா, ‘பாட்டெல்லாம் வேண்டாம். இன் ஸ்பைட் ஆஃப், வச்சு ஒரு வாக்கியம் சொல்லு’ என்றார். அக்கா சொன்னாள். ‘கொள்ளாம்’ என்றார். நன்றாயிருக்கிறது என்பதற்கு எங்கள் ஊரில் மலையாளத்தைத்தான் தொட்டுக்கொள்வோம். உடனே, ‘இன்னொண்ணு’ என்றார். ஒரு வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் நெட்டுருப் போட்டு ஒப்பித்துவிடலாம், இரண்டாவது வாக்கியத்தில்தான் படிப்பு தெரியும் என்பது அவருடைய சித்தாந்தம். அக்கா இரண்டாவதையும் சொன்னாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

கல்யாணமான கையோடு அக்காவின் புருஷன், என் அத்திம்பேர், வக்கீலுக்குப் படிக்கப் பட்டணம் போய்விட்டார். அக்கா கரமனையில் மாமியாரோடும் மாமனாரோடும் இருந்தாள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி அப்பா போய் அவளை அழைத்துவந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். வண்டியிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் எனக்குக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கழுத்தெலும்பு தெரிந்தது. படியேறுவதற்குள் இரண்டு தடவை நின்று இருமினாள். அம்மா, ‘என்னடி இது?’ என்றாள். அக்கா, ‘சாரமில்லே அம்மா’ என்று சிரித்தாள். அதுவும் மலையாளம்தான். பரவாயில்லை, ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அந்த மாதம் முழுக்க அவளை என்ன கேட்டாலும் சாரமில்லே என்பதுதான் பதில்.

அந்த இருமல் ராத்திரியிலும் போகவில்லை, பகலிலும் போகவில்லை. அம்மா மிளகும் துளசியும் போட்டுக் கஷாயம் வைத்தாள். எங்கள் தெருவிலேயே ஒரு மாமி இப்படித்தான் இருமிக்கொண்டேயிருந்து, இளைத்துக்கொண்டேயிருந்து, ஒரு நாள் போய்விட்டாள். அந்த வியாதியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லாததனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கரமனை வீட்டில் என்னடி நடக்கிறது என்று அம்மா கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. புக்ககத்தைப் பற்றிப் பிறந்தகத்தில் பேசினால் அதற்குக் கோள் என்று பெயர். பெண்ணைப் பெற்றவர்கள் தோண்டிக் கேட்டால் அதற்கு வேறு பெயர். ஆகவே வீட்டில் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினோம். மழைக்கும் எங்கள் ஊரில் குறைவில்லை. ஆடியை அங்கே கர்க்கடகம் என்பார்கள். வானம் திறந்தால் மூடாது.

அப்படி ஒரு சாயங்காலம்தான் அப்பா ‘புட் அப் வித்’தை எடுத்தார். அக்காவையும் பழையபடி என் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

‘இது பெரிய கஷ்டத்துக்குச் சொல்றதில்லே, கேட்டேளா. புலி வந்தா புட் அப் வித் பண்ண முடியாது, ஓடணும். வந்துட்டுப் போயிடற ஆபத்துக்கும் இது பொருந்தாது. தினம் வரணும். நாளைக்கும் வரும்னு தெரியணும். சண்டையும் போடாம, ஓடியும் போகாம, அதோடயே இருக்கணும். எங்க சூப்பிரண்டு மணிக்கொரு தரம் மூக்குப்பொடி போட்டுண்டு என் மேஜை மேல தும்முவார். ஐ புட் அப் வித் இட்.’

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. ‘நான் இத்தனை வருஷமா உங்களோட பண்றது அதானா? அதுக்கு ஒரு இங்கிலீஷ் வேறயா?’

அப்பா அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் என்னைப் பார்த்தார். நான், ‘எத்தனை நாளைக்கு அப்பா?’ என்று கேட்டேன்.

‘எது?’

‘பொறுத்துண்டே இருக்கறது.’

‘அதை இந்தப் பிரயோகம் சொல்லாது’ என்றார் அப்பா.

என் வாக்கியம் பாகற்காய். அம்மா பண்ணும் பாகற்காய்ப் பிட்டலையை நான் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா, மழையைப் பொறுத்துக்கொள்கிறேன் என்றாள்.

‘ரெய்ன்னு சொன்னா போறாது. மழை ஊருக்கெல்லாம் பெய்யறது. உனக்கு நடந்ததைச் சொல்லு.’

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். ‘ஐ புட் அப் வித் எ வெட் ஸாரி எவ்ரி மார்னிங்.’

அப்பாவுக்கு வாத்தியார் புத்தி. யோசிக்காமல், ‘ஏன் வெட்?’ என்று கேட்டுவிட்டார். அக்காவும் ஏதோ வேடிக்கை சொல்வதுபோல் சொன்னாள். சம்பந்தி மாமிக்கு மடி, ஆசாரம் அதிகம். ஆற்றில் முழுகி, யாரும் தொடாமல் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் அடுப்பண்டை போகவேண்டும். கரமனை மழையில் கொடியில் போட்ட புடவை எங்கே உலர்கிறது? உலராவிட்டால் என்ன, நனைத்துக் கட்டிக்கொண்டால் அதைவிட மடி உண்டா என்பது மாமியின் தீர்ப்பு. ஆகவே விடியுமுன் ஆற்றில் முழுகி, சொட்டச் சொட்ட வந்து, சமையல் முடிகிறவரை அக்கா ஈரத்தோடு நிற்கவேண்டும். ‘அடுப்பைப் பார்த்த பக்கம் காய்ஞ்சுடும் அப்பா. முதுகுப் பக்கம்தான் அப்படியே இருக்கும். ரசத்தோட சேர்ந்து என் மேலேயும் ஆவி பறக்கும்’ என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தது இருமலில் போய் முடிந்தது.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். திரும்பக் கழற்றித் துடைத்தார். பிறகு, ‘நெக்ஸ்ட்’ என்றார். அடுத்தது யாரும் இல்லை. நான் ஏற்கெனவே பாகற்காய் சொல்லி முடித்தாகிவிட்டது. அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

எங்கள் அம்மாவுக்கும் மடி உண்டு. ஆனால் மழைக்காலத்துக்கென்று ஒரு பழைய பட்டுப்புடவை வைத்திருந்தாள். பட்டு எப்போதும் மடி, அதைத் தினம் நனைக்கவேண்டியதில்லை என்பது எங்கள் ஜாதி சாஸ்திரம் கண்டுபிடித்த நல்ல காரியங்களில் ஒன்று. அக்காவிடமும் கூரைப்புடவை இருந்தது. ஆனால் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டா அடுப்பில் வேகிறது என்று அதை மாமி பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் எது பேசினாலும் என் காதில் விழும், அப்படி வைத்துக்கொண்டிருந்தேன் காதை.

‘சம்பந்தி மாமா கிட்டே ஒரு வார்த்தை சொல்லப்படாதா?’

‘என்னன்னு சொல்றது? உங்காத்து மாமி மடியா இருக்கா, அது தப்புன்னா? நாலு பேர் சிரிப்பா. அதுக்கப்பறம் அங்க போய் நிக்கப்போறது நானா நீயா? அவதானே?’

‘ஆவணி பொறந்தா கொண்டுபோய் விடணும்.’

அப்பா விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. கச்சேரியில் எவ்வளவு பெரிய துரைக்கும் இங்கிலீஷில் எழுதுகிறவர், கரமனைக்கு நடந்துபோய்த் தமிழில் நாலு வார்த்தை பேசப் பயப்படுகிறாரே என்று இருந்தது.

ஆடிக் கடைசியில், மருமகளை அழைத்துக்கொள்ள நல்ல நாள் பார்த்துச் சொல்லச் சம்பந்தி மாமா வருவதாகத் தகவல் வந்தது. அன்று காலையிலிருந்து அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றடியில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே பழைய பாடங்களை ஒப்பிக்கச் சொன்னாள். ‘புட் அப் வித்’ வந்ததும் நான் பாகற்காயைச் சொன்னேன்.

‘சரி, அது முதல்ல. அப்பறம் நான் சொன்னதையும் சொல்லு.’

‘அது உன் வாக்கியம். எனக்கு ஈரப்புடவை ஏது?’

‘நீ கண்ணால பார்க்கலையா என் இருமலை? மை சிஸ்டர்னு மாத்திக்கோ. மை சிஸ்டர் புட்ஸ் அப் வித். புட்ஸ். எங்கே, சொல்லு.’

சொன்னேன். அவளுக்குத் திருப்தி இல்லை. இன்னும் உரக்க என்றாள். வார்த்தைகளை விழுங்காதே என்றாள். ‘காது மந்தமானவாளுக்கும் கேக்கணும்’ என்றாள். பின்னல் முடிகிறவரை சொல்லிக்கொண்டேயிருந்தேன். அவ்வளவு பாடுபடுத்தினால் வேறு யாராயிருந்தாலும் அழுதிருப்பார்கள். நான் அழவில்லை. அக்கா என்னைப் பெரிய மேதையாக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள். ‘மாமாவுக்குக் காப்பி நீ கொண்டுபோய்க் கொடு. கொடுத்துட்டு உள்ள ஓடி வந்துடப்படாது, அங்கேயே நில்லு. அவர் கேட்டா மட்டும் பேசு’ என்றாள். வழக்கமாகப் பெரியவர்கள் பேசும்போது அங்கே என்னடி வேலை என்பவள் இப்படிச் சொன்னது விசேஷமாகத்தான் இருந்தது. பட்டுப்பாவாடைக் குஷியில் நான் அதைக் கவனிக்கவில்லை.

மாமா குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். அப்பா எதிரில் பாயில். க்ஷேமம் விசாரித்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். அப்பா சொன்ன பாதி வார்த்தைகளுக்கு மாமா காதில் கையை வைத்துக்கொண்டு, ‘என்ன?’ என்று கேட்டார். நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமாவின் கண் என் மேல் விழுந்தது. எனக்கு ஒளிந்துகொள்ளத் தோன்றவில்லை. காத்துக்கொண்டிருந்தேன்.

‘என்ன குட்டி, இப்ப எந்தப் பாடம்?’

‘புட் அப் வித்’ என்றேன் உரக்க.

‘அர்த்தம்?’

அப்பா சொன்ன புலியையும் சேர்த்து அர்த்தத்தைச் சொன்னேன். தினம் வரவேண்டும், நாளைக்கும் வரும் என்று தெரியவேண்டும் என்று சொன்னபோது மாமா புருவத்தைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார். ‘கொள்ளாம், நன்னா சொல்லிக்கொடுத்திருக்கேள்’ என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

‘ஒரு வாக்கியம் சொல்லு பார்ப்போம்.’

பாகற்காயைச் சொன்னேன். மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். காப்பி டம்ளரை எடுத்து வாயண்டை கொண்டுபோனவர், ‘இன்னொண்ணு’ என்றார்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு, காது மந்தமானவர்களுக்கும் கேட்கும்படி, ஒரு வார்த்தையும் விழுங்காமல் சொன்னேன்.

‘மை சிஸ்டர் புட்ஸ் அப் வித் எ வெட் ஸாரி எவ்ரி மார்னிங்.’

அப்பாவின் முகம் மாறிவிட்டது. வாக்கியத்தில் என்ன தப்பு என்று மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். தப்பு எதுவும் தெரியவில்லை. மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

‘எந்த சிஸ்டர்?’

‘எனக்கு ஒரே அக்காதானே மாமா.’

‘குழந்தை ஏதோ உளர்றது’ என்று அப்பா எழுந்துவிட்டார். மாமா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். ‘வாக்கியம் சரியாத்தானே இருக்கு. ஏன் தடுக்கறேள்?’ என்றார். பிறகு என்னைப் பார்த்து, அப்பா கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். ‘ஏன் வெட்?’

கேட்டதற்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்? சொன்னேன். ஆறு, கொடி, உலராத புடவை, அடுப்பைப் பார்த்த பக்கம், முதுகுப் பக்கம், எல்லாம் தமிழிலேயே சொன்னேன். இருமலைச் சொன்னேன். கேட்டால் சாரமில்லே என்று சொல்லிவிடுகிறாள் என்பதையும் சொன்னேன். சரியாக அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து அக்கா இருமும் சத்தம் கேட்டது. நீளமாக, அடங்க மாட்டாமல் வந்தது. அந்த மந்தக் காதுக்கும் அது கேட்டிருக்கவேண்டும்.

மாமா காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். ஊஞ்சல் ஆடாமல் நின்றது. அவர் தன் வீட்டுச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். காலையில் முன்கட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இலை போட்டாகிவிட்டது என்றால் எழுந்து போவார். அதற்குப் பின்னால் யார் நனைந்தார்கள், யார் காய்ந்தார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

‘தினம் நான் அந்த ரசத்தைச் சூடா சாப்பிட்டுண்டிருந்திருக்கேன்’ என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, ‘பஞ்சாங்கம் இருக்கா?’ என்றார். அப்பா கொண்டுவந்து கொடுத்தார். நாள் குறித்துக்கொண்டுதான் மாமா வீட்டை விட்டே புறப்பட்டிருந்தார், ஆவணி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை. வந்தவுடனே அப்பாவிடம் அதைச் சொல்லியுமாகிவிட்டது. இப்போது பஞ்சாங்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, ‘அந்த வெள்ளிக்கிழமை அவ்வளவு சரியில்லே போலிருக்கே’ என்றார். ‘இந்த மாசமே சரியில்லே. மழை விடட்டும், அப்பறமா நாள் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் குழந்தை இங்கேயே இருக்கட்டும். ஒரு நல்ல டாக்டரா பார்த்துக் காட்டுங்கோ.’

பஞ்சாங்கம் பார்ப்பதில் எங்கள் தெருவுக்கே அப்பாதான் அதிகாரி. அந்த வெள்ளிக்கிழமையைப்போல ஒரு நாள் அமைவது கஷ்டம் என்று காலையில்தான் தானே பஞ்சாங்கத்தைப் பார்த்து அம்மாவிடம் வருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மாமாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, ‘ஆமாம், சரியில்லைதான்’ என்றார்.

மாமா அம்மா வார்த்துக்கொடுத்த அடையைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். போகும்போது என் தலையில் கையை வைத்து, ‘ரெண்டு வாக்கியமும் சரி’ என்றார். வாசற்படி இறங்கினவர் குடையை விரிக்க மறந்து கொஞ்ச தூரம் மழையிலேயே போனார். அப்பா பின்னால் ஓடிப்போய் ஞாபகப்படுத்தவேண்டியிருந்தது.

அக்கா மழை விடும்வரை எங்களோடு இருந்தாள். டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்து, பயப்படுகிற வியாதி இல்லை, சளிதான், ஈரம் ஆகாது என்றார். அன்றைக்கு அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்து, கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு பட்டப்பகலில் தூங்கினாள். அம்மா பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். வீடே லேசாகிவிட்டது. இரண்டு மாதத்தில் அக்காவின் கழுத்தெலும்பு மறைந்துவிட்டது.

அவள் திரும்பிப் போனபோது கரமனையில் அவளுக்கு ஒரு பட்டுப்புடவை காத்திருந்தது. ஜரிகை இல்லாத, சமையலுக்குக் கட்டுகிற சாதாரணப் பட்டு. மாமாவே சாலைக் கடைத்தெருவுக்குப் போய் வாங்கிவந்தாராம். ஒன்று இல்லை, இரண்டு வாங்கினாராம். முதல் புடவையை மாமியிடம்தான் கொடுத்தாராம். ‘மழைக்காலத்திலே உனக்கு வாதம் வந்துடப்போறது, இதைக் கட்டிக்கோ. மத்தது அவளுக்கு’ என்றாராம். மாமி புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாளாம். அவளும் கல்யாணமாகி வந்த நாள் முதல் அதே ஆற்றில் முழுகி அதே அடுப்பண்டை ஈரத்தோடு நின்றவள்தானே? அவளை யாரும் வாக்கியம் கேட்கவில்லை. அக்கா இதைச் சொன்னபோது அவள் குரலில் கோபமே இல்லை.

வெகுகாலம் கழித்து, அக்காவும் நானும் தலை நரைத்தபிறகு, ஒரு சந்தேகம் கேட்டேன். ‘அன்னிக்கு நீ இருமினயே, அது நிஜமா, பொய்யா?’

‘பாதி நிஜம்’ என்றாள் அக்கா.

‘தலை பின்னிண்டே என்னைத் தயார் பண்ணினதும் அதுக்குத்தானா?’

‘பின்னே? உனக்குப் படிப்பு வரட்டும்னா?’

ஆக, மேதை நான் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அப்பா பேசமுடியாததை, அக்கா பேசக்கூடாததை, நான் பேசிவிட்டேன். குழந்தை இங்கிலீஷ் ஒப்பித்தால் அது கோள் ஆகாது என்று அக்கா கணக்குப் போட்டிருக்கிறாள். நல்ல கணக்கு.

ஆனால் ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. மாமா போன அன்றைக்கே நடந்தது. அப்பா குடையோடு அவர் பின்னால் ஓடினபோது நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நான் ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்டேன் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா முதுகில் ஒன்று வைப்பாள் என்று பயம். அடுப்பில் அடைக்கல் காய்ந்துகொண்டிருந்தது, அதில் ஒன்றும் இல்லை. அம்மா கதவோரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா அவள் காலடியில் உட்கார்ந்து முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொள்ளாமல், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

‘ரெண்டாவதையும் முழுக்கச் சொன்னயோடி? புட்ஸ்னு சொன்னயோ?’

சொன்னேன் என்றேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். எனக்கு அடி விழவில்லை என்ற நிம்மதியில், ஓர் எழுத்தும் தெரியாத அம்மா அந்த வார்த்தையை அவ்வளவு சரியாக எப்படிச் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் ஓர் அடை வேண்டும் என்றுதான் கேட்டேன்.